மண் உண்டியலா, அஞ்சலகக் கணக்கா?

"சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்று ஆச்சி சொல்வதைப் பிள்ளைக்குப் பழக்கமாக்க எது தோது?

செலவு: நெல்லைப் பக்கம் மண்பாண்டத்துக்குப் பேர்போன காருகுறிச்சியின் மண் உண்டியல் சொற்பக் காசுதான். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் எப்போதும் 500 ரூபாய் இருப்பு நிற்க வேண்டும்.

பாதுகாப்பு: உண்டியலைத் தரையில் வைத்தால் நோட்டைக் கரையான் அரிக்கும். பலகை மேல் வையுங்கள், நாணயம் மட்டும் போடுங்கள். கவிழ்த்து ஈர்க்குச்சியால் நோண்டினால் காசு விழும் (இந்த வித்தையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!). கணக்கில் அந்தத் தொல்லை இல்லை. ஆண்டுக்கு 4 சதவீத வட்டியும் உண்டு.

எளிமை: 10 வயது நிரம்பினால் கணக்கைப் பிள்ளையே நடத்தலாம். அதற்குக் கீழே பெரியவர் கையெழுத்துதான். பிள்ளைக்கு அதில் வேலையே இல்லை.

ஆகவே சின்னப் பிள்ளைக்கு உண்டியல்தான். பொங்கலுக்கு உடைத்து, எண்ணுவதைப் பிள்ளையிடமே விடுங்கள். 500 தேறினால், 10 வயதானதும் அதையே கணக்கில் போடலாம்.