கொசுவத்தி, லிக்விட், கொசுவலை: எது எந்தக் கொசுவுக்கு?

விளக்கு வைக்கும் நேரத்தில் சன்னல்களைச் சாத்திவிடுவது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எந்தக் கடலோர ஊரிலும் காணக்கூடிய வழக்கம். சாத்திய பிறகு என்ன செய்வது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வேறுபாடு இருக்கிறது. ஒரு வீட்டில் கட்டிலுக்கு அடியில் பச்சைச் சுருள் புகைந்துகொண்டிருக்கும்; அடுத்த வீட்டில் பிளக்கில் செருகிய குப்பியின் சிறு விளக்கு விடிய விடிய எரியும்; மற்றொன்றில் நான்கு மூலையிலும் ஆணி அடித்து வலை கட்டியிருப்பார்கள். இவற்றில் எது நல்லது என்று கேட்டால் பெரும்பாலும் விலையையோ மணத்தையோ வைத்தே பதில் வருகிறது. எந்தக் கொசு, எந்த நேரத்தில் கடிக்கிறது என்பதைக் கேட்காமல் இந்த ஒப்பீட்டைத் தொடங்கவே முடியாது என்பது என் கருத்து.

சென்னை போன்ற ஊரில் கவனிக்க வேண்டிய கொசுக்கள் மூன்று. கூவத்திலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் மூடாத சாக்கடைகளிலும் பெருகி, இரவு முழுவதும் காதருகே ரீங்காரமிடுவது க்யூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்புவது இதுதான். மொட்டை மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் உள்ள நல்ல தண்ணீரில் முட்டையிட்டு நகரத்து மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் ஸ்டீபன்சி. இதுவும் இரவில் கடிப்பதே. மூன்றாவதாகிய ஏடிஸ் எஜிப்தி, காலில் வெள்ளை வளையங்களோடு, சத்தம் அதிகமின்றி, காலையிலும் பிற்பகல் சாயும் வேளையிலும் கணுக்காலைத் தேடி வந்து கடித்து, டெங்குவையும் சிக்குன்குன்யாவையும் கொடுத்துவிட்டுப் போகிறது. முதல் இரண்டுக்கும் மூன்றாவதற்கும் உள்ள இந்த நேர வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு இலங்கையே சான்று. மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து 2016 செப்டம்பரில் பெற்ற அதே நாட்டில், மறு ஆண்டே 1,86,000-க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். ஒரு கொசுவை வென்ற முறை இன்னொரு கொசுவுக்குப் பயன்படவில்லை.

கொசுவத்திச் சுருளை முதலில் எடுத்துக்கொள்வோம். இணையத் தமிழில் பழைய நினைவுகளை அசைபோடுவதற்கே 'கொசுவத்தி சுற்றுவது' என்று பெயர் வைக்கும் அளவுக்கு அது நம் வாழ்வில் கலந்துவிட்டது. ஆனால் அதன் பிறப்பிடம் ஜப்பான். வாகயாமா பகுதியில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த உயேயாமா எய்இச்சிரோ, பைரெத்ரம் என்னும் செவ்வந்திக் குடும்பப் பூவின் பொடியைக் கொண்டு 1890-இல் கொசு ஊதுபத்தியைச் செய்தார். அது சுமார் 40 நிமிடங்களில் எரிந்து முடிந்துவிட்டது. நீட்டினால் ஒடியும், தடிமனாக்கினால் புகை பெருகும் என்ற சிக்கலுக்கு, பாம்பு சுருண்டு கிடப்பதைப் போலச் சுருட்டிவிடலாமே என்று 1895-இல் வழி சொன்னவர் அவருடைய மனைவி யூக்கி என்பது அவர் தொடங்கிய நிறுவனமே சொல்லிவரும் வரலாறு. 1902-இல் விற்பனைக்கு வந்த சுருள் ஓர் இரவுத் தூக்கத்துக்குப் போதுமான நேரம் எரிந்தது. ஆசியாவின் ஏழை வீடுகளுக்கு மின்சாரம் வருமுன்பே, ஒரு தீக்குச்சியை மட்டும் கேட்ட பாதுகாப்பு அது. மின்வெட்டு நாட்களில் இன்றும் அதற்கு மாற்று எளிதில் கிடைப்பதில்லை.

சுருளைப் பற்றிய பொதுவான தவறான எண்ணம், புகைதான் கொசுவை விரட்டுகிறது என்பது. உண்மையில் கங்குக்குச் சற்றுப் பின்னால், இன்னும் எரியாமல் சூடு மட்டும் ஏறியிருக்கும் பகுதியிலிருந்து ஆவியாகும் மருந்தே கொசுவை மயக்குகிறது. அம்மருந்து இப்போது பூவிலிருந்து எடுக்கப்படுவதில்லை, அதைப் பார்த்து ஆய்வகத்தில் உருவாக்கிய பைரெத்ராய்டு வகை. சுருளின் எடையில் மருந்து மிகச் சிறிய பங்கே. எஞ்சியது மரத்தூள், சிரட்டைத் தூள், பசை, சாயம். இந்தப் பொருட்கள் மெல்லக் கனன்று எரிவதால் வரும் புகை, நாம் விலை கொடுத்து வாங்கும் வேண்டாத உபரி. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களை ஆராய்ந்து 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு முழுச் சுருள் வெளியிடும் நுண்துகள்களின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று கணக்கிட்டது. இந்த எண்ணை மேற்கோள் காட்டுவோர் பலரும், அது புகையாக வெளியேறும் அளவே தவிர ஒருவர் நுரையீரலுக்குள் போகும் அளவு அல்ல என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். காற்றோட்டமுள்ள திண்ணையில் எரியும் சுருளும், சன்னலைச் சாத்திய பத்துக்குப் பத்து அறையில் கட்டிலடியில் எரியும் சுருளும் ஒன்றல்ல. நம் வீடுகளில் நடப்பதோ பெரும்பாலும் இரண்டாவது வகை. ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருக்கும் அறையில் அதை ஏற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

அந்தப் புகையைத் தவிர்ப்பதற்காக வந்ததுதான் பிளக்கில் செருகும் மேட், அதன் பிறகு லிக்விட். கடைக்காரரிடம் நாம் 'குட்நைட்' என்றோ 'ஆல் அவுட்' என்றோ கேட்டுவிட்டு எந்த நிறுவனத்தின் குப்பி வந்தாலும் வாங்கிக்கொள்வதிலிருந்தே அது எவ்வளவு ஊறிவிட்டது என்பது தெரியும். குப்பியில் இருப்பது டிரான்ஸ்ஃப்ளுத்ரின் அல்லது பிராலெத்ரின், வாடை நீக்கிய மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான், சிறிது நறுமணம். சுருளில் இருப்பதும் இதே குடும்பத்து மருந்து என்பதால், கொசு விரட்டுவதில் இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு இல்லை. எரிதல் இல்லாததால் நுண்துகளும் தீ விபத்து அச்சமும் வெகுவாகக் குறைகின்றன. எனவே இரண்டில் ஒன்றுதான் என்றால் லிக்விடையே நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் 'புகையில்லை, ஆகவே தீங்கில்லை' என்று அதை ஆண்டின் எல்லா இரவும் சாத்திய அறையில் ஓடவிடுவது வேறு வகையான கவனக்குறைவு. மூடிய அறையில் மூக்கரிப்பும் தலைவலியும் வருவதாகச் சொல்வோர் குறைவில்லை. தவழும் குழந்தை உள்ள வீட்டில் கைக்கெட்டும் பிளக்கில் குப்பி இருப்பது நேரடி ஆபத்து, ஏனெனில் அதைக் குடித்துவிட்டால் கரைப்பான் நுரையீரலுக்குள் இறங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கும்; அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இந்த மருந்துகள் மனிதருக்கு ஓரளவு பொறுக்கக்கூடியவை. மற்ற உயிர்களுக்கு அப்படியல்ல. மீன்களுக்குக் கடும் நஞ்சு என்பதால் மீன்தொட்டி உள்ள அறையில் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது. தேனீக்களும் பட்டுப்புழுக்களும் மிகச் சிறிய அளவைக்கூடத் தாங்காது. ஓசூர், தருமபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் வளர்ப்பு மனைக்கு அருகில் கொசுவத்தி கொளுத்த இடம் தரமாட்டார்கள் என்பதற்குக் காரணம் இதுவே. இன்னொரு விலையும் உண்டு. வீட்டுக்கு வீடு ஒரே குடும்பத்து மருந்தை நாள்தோறும் பயன்படுத்தி வந்ததில், தென்கிழக்கு ஆசியாவின் பல நகரங்களில் ஏடிஸ் கொசுக்கள் பைரெத்ராய்டுகளுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டன; கொள்ளைநோய்க் காலத்தில் சுகாதாரத் துறை அடிக்கும் புகைமருந்தும் பெரும்பாலும் இதே வகை என்பதால், இன்று நாம் படுக்கையறையில் செலவழிப்பது நாளைக்குத் தேவைப்படும் ஆயுதத்தின் கூர்மையை.

அண்மைக் காலத்தில் பெட்டிக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கொசு ஊதுபத்திகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே நான் விரும்பவில்லை. 'மூலிகை' என்று அட்டையில் எழுதியிருந்தாலும், இந்தியாவில் பதிவு பெறாத பூச்சிமருந்துகள் கலந்தவை பல விற்கப்படுகின்றன. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் இல்லாத அட்டைப்பெட்டியை வாங்காமல் இருப்பதே போதும்.

நொச்சியைப் பற்றிச் சொல்லாவிட்டால் வாசகர்கள் விடமாட்டார்கள். தொழுவத்தில் காய்ந்த நொச்சி இலையோடு வேப்பிலையைச் சேர்த்து மூட்டம் போடுவது கால்நடை வைத்திருப்போரின் பழைய முறை, பயனுள்ள முறையும்கூட. சென்னை மாநகராட்சியே ஒரு காலத்தில் வீடு வீடாக நொச்சிச் செடி கொடுத்தது. சிக்கல் என்னவென்றால், கொசுவுக்குப் பிடிக்காத எண்ணெய் இலைக்குள் இருக்கிறது. கசக்கினாலோ எரித்தாலோதான் அது வெளியே வரும். தொட்டியில் சும்மா நிற்கும் செடி அறையைக் காக்கும் என்று எதிர்பார்ப்பது வீண், அதன் தட்டில் தேங்கும் தண்ணீர் ஏடிஸுக்குத் தொட்டிலாவதும் உண்டு. எரித்தால், கொசுவத்திப் புகையைக் குறைசொன்ன அதே வாயால் நொச்சிப் புகையை மட்டும் புகழ முடியாது. இலை எரிந்தாலும் நுண்துகள் நுண்துகள்தான். திறந்த தொழுவத்துக்கு அது சரி, அடைத்த அறைக்குச் சரியல்ல. கொசுவை அடிக்கும் மின்சார மட்டையைப் பொறுத்தவரை, அது தரும் 'பட்' என்ற ஓசையில் இருக்கும் மனநிறைவுக்கு நான் எதிரியல்ல. தூங்கும் நேரத்தில் அதை வீச ஆளில்லை என்பது ஒன்று, ஓரிரு ஆண்டுகளில் மின்கலம் செத்துக் குப்பைக்குப் போகும் பொருள் என்பது மற்றொன்று.

கொசுவலைக்கு வருகிறேன். வங்காளிகளின் வீடுகளில் மொஷாரி கட்டுவது படுக்கை விரிப்பதைப் போல அன்றாட வேலை. கோடையிலும் அதை விடமாட்டார்கள். ஜப்பானில் கோடை இரவுகளில் அறையையே நிரப்பும் பெரிய வலைகள் பல தலைமுறைகள் புழக்கத்தில் இருந்தன. தமிழ்நாட்டில் மட்டும் வலை என்றால் குழந்தைக்குக் கவிழ்க்கும் குடைவலை என்ற அளவோடு நின்றுவிட்டது. இத்தனைக்கும் கொசுவலைத் தயாரிப்பில் பெயர்பெற்ற ஊர் நம் கரூர். மருந்தூட்டிய வலைகள் அங்கிருந்து ஆப்பிரிக்க நாடுகள் வரை போகின்றன. உள்ளூர்க்காரர் சொல்லும் காரணம் புழுக்கம். அது பொய்யல்ல, நெருங்கிய கண்ணிகள் மின்விசிறிக் காற்றைக் குறைக்கத்தான் செய்யும். ஆனால் கூரையில் சுழலும் விசிறிக்குக் கீழே, கட்டிலைவிட அகலமாகவும் உயரமாகவும் கட்டிய பருத்தியல்லாத மெல்லிய வலையில் வித்தியாசம் தாங்கக்கூடியதே; சிறிய மேசை விசிறியை வலையின் பக்கவாட்டில் வைத்தால் இன்னும் குறையும். விசிறிக் காற்றில் கொசுவால் சரியாகப் பறக்க முடியாது என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

வலை தோற்பது அதைக் கட்டும் முறையில். மெத்தைக்கு அடியில் ஓரத்தைச் செருகாமல் தொங்கவிட்டால் விடியற்காலையில் உள்ளே நான்கு கொசுக்கள் வயிறு சிவந்து உட்கார்ந்திருக்கும். வலையில் முழங்கை ஒட்டினால் வெளியிலிருந்தே கடிக்கும். இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால், க்யூலெக்ஸுக்கும் அனாபிலிஸுக்கும் எதிராக வலையை மிஞ்சும் பொருள் வீட்டில் இல்லை. மருந்தூட்டிய வலை, கிழிந்த இடத்திலும் கொசுவைத் தடுக்கும். மலேரியா உள்ள பகுதிகளுக்கு அது தேவை. மற்ற இடங்களில் சாதாரண வலையே போதும், மூக்குக்கும் மீன்தொட்டிக்கும் அதனால் எந்த வம்பும் இல்லை. மாதந்தோறும் ஒன்றோ இரண்டோ குப்பி தீர்ந்து பிளாஸ்டிக் குப்பையாவதோடு, பல ஆண்டுகள் துவைத்துக் கட்டும் ஒரு வலையை ஒப்பிட்டால் செலவுக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இராது. அடிக்கடி சுருட்டிக் கட்ட சலிப்பாக இருந்தால், சன்னல்களுக்கு ஒட்டுப்பட்டையோடு வரும் வலையைப் பொருத்திவிடலாம். ஆனால் வாசற்கதவு திறந்தே கிடக்கும் வீட்டில் அது பாதி வேலைதான்.

பகலில் கடிக்கும் ஏடிஸிடம் மட்டும் இந்த ஆயுதங்கள் எல்லாமே ஏறக்குறைய தோற்கின்றன. பிற்பகலில் பள்ளி விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளையை வலைக்குள் உட்கார வைக்க முடியாது. அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சன்னலைத் திறந்துவைத்து லிக்விடை ஓடவிடுவதும், கைகால் மூடிய உடையும் ஓரளவு உதவும். அதைவிடப் பயனுள்ளது வாளியைக் கவிழ்ப்பது. ஏடிஸ் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும், பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் அது போவதும் அரிது. எனவே வீட்டில் உங்களைக் கடித்த டெங்குக் கொசு பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ பிறந்ததாகவே இருக்கும். கொல்லையில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, குளிர்சாதனப் பெட்டியின் பின்னாலிருக்கும் தட்டு, வெட்டிய இளநீர்க் கூடு, மாடியில் எறிந்த டயர் ஆகியவற்றை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் ஆகாது, பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டிக்கொண்ட முட்டைகள் காய்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும்.

டெங்குவில் வலைக்கு ஒரே ஒரு தனிப் பயன் உண்டு, அதை மருத்துவமனை வார்டில் பார்க்கும் நாம் வீட்டில் மறந்துவிடுகிறோம். காய்ச்சல் கண்ட முதல் சில நாட்களில் நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் நிறைந்திருக்கும். அப்போது அவரைக் கடிக்கும் கொசு, சுமார் ஒரு வாரத்துக்குப் பிறகு அதே வீட்டில் அடுத்தவருக்கு அதைக் கொண்டுபோகும். ஆகவே காய்ச்சல்காரர் பகலில் படுத்திருக்கும்போதும் அவரைச் சுற்றி வலை கட்டிவைக்க வேண்டும்.