காடாம்புலியூர் சாலை மிஷின் கடை: சைலன்சரைக் கழற்றிய பிறகுதான் பேச்சு

பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் போகும் சாலையில், பலாப்பழக் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தைத் தாண்டியதும் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப் பலகை கிடையாது. தேய்ந்துபோன செயின்சா பார் (மரம் அறுக்கும் மிஷினில் செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) ஒன்றை வாசலில் தொங்கவிட்டிருப்பார்கள், அதுதான் அடையாளம். மரம் அறுக்கும் மிஷின், புல் வெட்டும் மிஷின், குழி தோண்டும் மிஷின், பவர் ஸ்பிரேயர் எல்லாம் பார்க்கிறார்கள். முந்திரித் தோப்பில் கவாத்து, கடலோரத்தில் சவுக்கு வெட்டு என்று ஆள் வைத்து வேலை எடுக்கிறவன் நான். என் மிஷின்கள் எல்லாம் இப்போது இங்கேதான் வருகின்றன.

இந்தப் பக்கத்தில் செயின்சா பெருகியது தானே புயலுக்கு அப்புறம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி அடித்த அந்தக் காற்றில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடக்க, கோடரியை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மிஷின் ஊருக்கு ஊர் வந்துவிட்டது, அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் அவ்வளவு பேர் வரவில்லை. டூவீலர் மெக்கானிக்கிடம் கொடுத்து வாங்குவதுதான் வழக்கமாக இருந்தது.

நான் இங்கே முதலில் கொண்டுவந்த மிஷினுக்கு ஒரு வினோத வியாதி. காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். கால் மணி நேரம் நன்றாக அறுக்கும், அப்புறம் மூச்சு திணறி நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா வைத்தால் மறுபடி ஓடும். வேறு ஓர் இடத்தில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்ரேட்டர் போச்சு, புதுசு மாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே கடைக்கார அண்ணன் அதை ஓடவிட்டு, நிற்கும்வரை காத்திருந்தார். நின்றதும் பெட்ரோல் டேங்க் மூடியை மெல்லத் திருகினார். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போகிற சத்தம். “கேட்டுதா தம்பி? பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காத்து போகணும். அந்த வழி அடைச்சிருக்கு. டேங்கே இழுத்துப் புடிச்சா கார்ப்ரேட்டருக்கு எப்படி வரும்?” காற்று போகும் சின்ன வெண்ட்டை மாற்றினார். பழைய கார்ப்ரேட்டர் இன்றைக்கும் அதே மிஷினில்தான் இருக்கிறது.

எந்த மிஷின் வந்தாலும் அவர் முதலில் சைலன்சரைக் கழற்றி, டார்ச் அடித்து, புகை வெளியேறும் ஓட்டை வழியாகப் பிஸ்டனைப் பார்ப்பார். நம்மையும் குனிந்து பார்க்கச் சொல்வார். பிஸ்டன் பக்கவாட்டில் வழவழப்பாக இருந்தால் மேலே பேசலாம். நெடுக்காகக் கீறல் விழுந்திருந்தால் ஆயில் போதவில்லை, அல்லது பெட்ரோலுக்கு வேண்டியதைவிடக் காற்று அதிகமாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். வெறும் பிளக்கும் ஃபில்டரும் மாற்றிக் காசு வாங்க மாட்டார். செலவு எங்கே போய் நிற்கும் என்று அங்கேயே சொல்லிவிடுவார். எனக்கு அவரிடம் பிடித்ததே இதுதான்.

பெட்ரோல் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதக்காரர். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் கேனில் நாள்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும், டேங்கில் ஃபில்டர் கிடப்பதும் அதே அடியில்தான். கார்ப்ரேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் என்கிற மெல்லிய ரப்பர் சவ்வும் விறைத்துப்போகும். அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டிய பெட்ரோலில் மட்டும் ஆயில் கலக்கச் சொல்கிறார். நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலாக இருந்து, மிஷின் புத்தகத்தில் 50:1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. கண்ணளவில் ஊற்றுகிற ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பாருக்குக் கழிவு ஆயில் ஊற்றுகிறவர்களுக்குத் தனியாகத் திட்டு உண்டு. அதில் இருக்கும் இரும்புத் தூள் ஆயில் பம்பைத் தின்றுவிடும்.

செயினுக்கு அரம் போடுவது அண்ணியின் வேலை. வெளிப்படையாகவே சொல்கிறேன், அண்ணனைவிட அண்ணி கை சுத்தம். சின்ன மிஷின் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருட்டு அரம், கொஞ்சம் பெரிய பல்லுக்கு 4.8 என்று மாற்றி எடுப்பார். முதலில் எல்லாப் பற்களையும் பார்த்து, தேய்ந்து ரொம்பக் குட்டையான பல் எதுவோ அதன் அளவுக்கு மற்றவற்றைக் கொண்டுவருவார். இந்த ஒரு காரியத்தைத்தான் மற்ற இடங்களில் செய்வதில்லை. ஒரு பக்கப் பல் குட்டை, மறுபக்கம் நீளம் என்று விட்டால் அறுப்பு கோணிக்கொண்டு போகும். சவுக்கு போன்ற இறுகின மரத்தில் பார் சிக்கி நம் உயிரை எடுக்கும். பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டையும் அளவுத் தகடு வைத்துத்தான் தேய்ப்பார். அதை அதிகமாகத் தேய்த்தால் செயின் மரத்தைக் கடித்து இழுத்து உதறும். அண்ணி அரம் போட்ட செயினில் மரத்தூள் சீவல் சீவலாக விழும். மாவாக விழ ஆரம்பித்தால் மறுபடி வரச் சொல்வார்.

செயின் பிரேக் வேலை செய்யாத மிஷினை ரிப்பேர் முடிந்தாலும் அவர்கள் திருப்பித் தருவதில்லை. கைக்கு முன்னால் இருந்து அந்தப் பிரேக்கை இயக்கும் தடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்கிற ஆட்கள் நிறையப் பேர். பார் நுனி பட்டு மிஷின் முகத்துக்கு நேராகத் துள்ளும்போது செயினை நிறுத்துவது அது ஒன்றுதான். என் ஆள் ஒருவர் “அதெல்லாம் எதுக்குண்ணே, செலவு” என்று வாதாடினார். “அப்ப மிஷின் இங்கயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார். கடைசியில் பிரேக் மாட்டித்தான் வாங்கி வந்தோம்.

குறை இல்லாமல் இல்லை. நேரம் ரொம்பப் பிடிக்கும். “நாளைக்கு” என்றால் அடுத்த வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் எடுக்க மாட்டார்கள். ரசீது துண்டுக் காகிதத்தில்தான், கான்ட்ராக்ட் கணக்கு காட்ட வேண்டியவர்களுக்கு அது உதவாது. பெயர் தெரியாத மலிவு மிஷின்களுக்கு ஸ்பேர் கிடைக்காது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. தொடைக்கு மாட்டும் பாதுகாப்பு உறையோ நல்ல ஹெல்மெட்டோ இங்கே விற்பதில்லை. பிரேக்குக்கு அவ்வளவு கண்டிப்பு காட்டுகிறவர்கள் இரண்டு செட்டாவது வாங்கி வைக்கலாம்.

2024 டிசம்பரில் பெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும் போன பிறகு, தண்ணீரில் மூழ்கிய மிஷின்கள் கொட்டகை முழுக்கக் கிடந்தன. அப்போதும் வரிசை மாற்றி யாருக்கும் செய்து தரவில்லை, எனக்கும்தான். கோபமாக இருந்தது. ஆனால் மூழ்கிய மிஷினைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமல் அப்படியே கொண்டுவந்தவர்களின் எஞ்சின் பெரும்பாலும் பிழைத்தது.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் அண்ணி இருக்க மாட்டார். பாரையும் செயினையும் கழற்றாமல் கொண்டுபோங்கள். செயினைச் சுற்றவைக்கும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட், பார், செயின் மூன்றின் தேய்மானத்தையும் சேர்த்துப் பார்க்காமல் அவர்கள் எதையும் மாற்ற மாட்டார்கள்.