செட்டிநாட்டு வீட்டுக்கு வைஃபை: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கேபிளா?

கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பில் ரௌட்டர் இருக்கும். நடு முற்றமுள்ள வளவைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குள் நுழைந்தால் சிக்னல் ஒரு கோடாகிவிடும், அடுப்படியில் அதுவும் இருக்காது. உடனே கூடுதல் வேக பிளானுக்கு மாறுகிறார்கள். அதனால் தீராது. வாசல்வரை வந்து சேரும் வேகம் வேறு, வீட்டுக்குள் பரவுகிற வேகம் வேறு. தடுப்பது சுண்ணாம்புக் காரை பூசிய தடித்த சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் ஓய்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் ஊடுருவும், வேகம் குறைவு.

வருகிற சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர்தான் விலை குறைவு. பிளக்கில் செருகினால் வேலை முடிந்தது. ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் மாடல்களில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். சிக்னலே இல்லாத அடுப்படியில் கொண்டுபோய்ச் செருகுவதுதான் பலரும் செய்யும் தவறு. சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் வளவில் வைக்க வேண்டும். ஓர் அறைக்கு மட்டும் என்றால் வாங்கலாம், முழு வீட்டுக்கு வேண்டாம்.

மெஷ் அதைவிட எவ்வளவோ மேல். இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே பெயரில் இயங்கும்; நடந்துகொண்டே பேசினாலும் போன் தானாக அடுத்த பெட்டிக்கு மாறும். மூன்று ரேடியோ உள்ள ட்ரை-பேண்ட் மாடலில் ஒன்றைப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒதுக்கலாம். இங்கே திறந்த முற்றம் பெரிய அனுகூலம்: முற்றத்தின் இரு பக்கத்துப் பத்திகளிலும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி வையுங்கள், நடுவே சுவரே வராது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ரௌட்டருக்குப் பின்னால் மெஷ்ஷை அப்படியே மாட்டினால் இரண்டும் கருவிகளுக்குத் தனித்தனியே ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அடையாள எண்) வழங்கும், ஒன்று 192.168.1 வரிசையில், மற்றது 192.168.0 வரிசையில். பழைய ரௌட்டரில் மாட்டியிருக்கும் பிரிண்டரும் கேமராவும் அந்தப் பக்கம், உங்கள் போன் இந்தப் பக்கம், தேடினால் கிடைக்காது. மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு, அதாவது முகவரி வழங்காமல் வைஃபை மட்டும் பரப்பும்படி, மாற்றினால் சரியாகிவிடும்.

ஆனாலும் இந்த வீடுகளுக்கு நாங்கள் சொல்வது கேபிள்தான். ஒரு கேட்6 நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர்வரை ஒரு கிகாபிட் வேகத்தைக் குறையாமல் கொண்டுபோகும். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று, இரண்டின் மறுமுனையிலும் வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயின்ட். கேபிள்களை இணைக்கும் பெட்டியாக பிஓஇ ஸ்விட்ச் போட்டால் மின்சாரமும் அதே கேபிளில் போகும். சாதாரண பிஓஇ ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும். முழுச் செம்புக் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவுதான், ஆனால் நீளம் கூடினால் மின்னழுத்தம் இறங்கி ஆக்சஸ் பாயின்ட் அடிக்கடி அணைந்து எரியும். தேக்கு நிலையில் துளை போடாதீர்கள். பத்தியின் மேல்விளிம்பை ஒட்டி பிவிசி கேசிங்கில் கொண்டுபோகலாம். 230 வோல்ட் வயர் போகும் பைப்புக்குள் மட்டும் சேர்த்து இழுக்கவே கூடாது. தனிக் கட்டடத்துக்குத் திறந்தவெளியில் போக வேண்டுமென்றால் ஃபைபர் போடுங்கள். செம்பு வழியே இடி மின்னலின் பாதிப்பு ஸ்விட்ச்வரை வந்துவிடும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஆக்சஸ் பாயின்ட்டுகளுக்கு 1, 6, 11 என்று தனித்தனிச் சேனல் கொடுங்கள். எல்லாம் ஒரே சேனலில் இருந்தால் ஒன்று பேசி முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும்.

படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம் என்று பங்காளிகள் எல்லாரும் கூடும்போது இன்னொரு சிக்கல் வரும். சிக்னல் முழுதாகக் காட்டும், போன் மட்டும் இணையாது. ரௌட்டரில் ஐபி முகவரி வழங்கும் அமைப்பான டிஹெச்சிபியில் முகவரியின் கடைசி எண் 100 முதல் 199 வரை என்று வைத்திருந்தால் நூறு கருவிகளோடு சரி. பந்தியில் இலை தீர்ந்த கதைதான். வரம்பை 20 முதல் 254 வரை விரியுங்கள். ஒரு முகவரியைப் பிடித்துவைக்கும் லீஸ் நேரம் 24 மணி என்றிருந்தால் 2 மணியாக்குங்கள், கிளம்பிப் போனவரின் முகவரி அடுத்தவருக்குக் கிடைக்கும். ஆக்சஸ் பாயின்ட்டுகளில் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, 2, 3 என்று 20-க்குக் கீழே நிலையான முகவரி கொடுங்கள்.