வீட்டில் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ பல்லிக் குட்டிக்குக் கீழே விரிக்க டிஷ்யூ பேப்பரா, மணலா?

மணல்தான் இயற்கை என்று கடையில் சொல்வார்கள், ஆனால் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கம் இந்தப் பல்லி வாழ்வது பெரும்பாலும் கல்லும் இறுகிய மண்ணுமான தரையில்தான்.

செலவு: இரண்டும் பெரிதாக இல்லை.

சுத்தம்: பேப்பரைச் சுருட்டி எறிந்தால் முடிந்தது, எச்சத்தைப் பார்த்தே வயிறு சரியா என்றும் தெரிந்துவிடும் (பெரும்பாலும் ஒரே மூலையில்தான் போகும், சமர்த்து). மணலைச் சலித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆபத்து: குட்டி குறி தவறிப் புழுவைக் கவ்வும்போது வாயில் மணலும் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும், குடலில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. பேப்பரில் அந்தப் பயம் இல்லை, என்ன, புழு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

குட்டிக்குப் பேப்பர்தான். வளர்ந்தபின் அழகு வேண்டுமென்றால் மண்ணும் மணலும் கலந்து இறுக்கிப் போடுங்கள், வெறும் மணல் அப்போதும் வேண்டாம். அப்புறம், பேப்பர் மாற்றும்போது மேலிருந்து பிடிக்காதீர்கள், பயந்தால் வாலைக் கழற்றிவிடும்.