அந்துப்பூச்சிக்கு எது சரி: ஒட்டுற ட்ராப்பா, ஃப்ரீசரா?

கிச்சன்ல அந்துப்பூச்சி பறக்க ஆரம்பிச்சதும் முக்கால்வாசி பேரு ஃபெரோமோன் ட்ராப் வாங்கி மாட்டிட்டு வேலை முடிஞ்சதுன்னு நினைக்கறாங்க, ஆனா அதுல இருக்கறது பெண் பூச்சியோட வாசனை, அதனால ஆண் பூச்சி மட்டும்தான் வந்து ஒட்டும், ஏற்கனவே ஜோடி சேர்ந்த பெண்ணு அதுபாட்டுக்கு மாவு டப்பாகிட்ட நூத்துக்கணக்குல முட்டை வெச்சுட்டுப் போயிடும். பறக்கற பூச்சி தானியத்தை திங்கறதே இல்ல, நாசம் பண்றதெல்லாம் புழுதான்.

ஃப்ரீசர் அடி வேர்லயே கை வைக்குது. மைனஸ் 18 டிகிரில ஒரு வாரம் வெச்சா முட்டை, புழு ரெண்டுமே காலி. பெரிய மூட்டைன்னா குளிர் நடுவுல போய்ச் சேர நேரமாகும், சின்ன சின்னதா பிரிச்சு வைங்க. மாவுல நூலாம்படை மாதிரி கட்டி கட்டியா இருந்தா யோசிக்காம தூக்கிப் போட்டுடுங்க, அதையெல்லாம் காப்பாத்த வேணாம்.

என் ஓட்டு ஃப்ரீசருக்குத்தான். ட்ராப் வேஸ்ட்டுன்னு சொல்லல, க்ளீன் பண்ணின அப்புறம் இன்னும் மிச்சம் இருக்கான்னு கண்டுபிடிக்க அதைவிட நல்லது இல்ல. திரும்பவும் ஒட்டுதுன்னா அலமாரி இடுக்கு, டப்பா மூடியோட மரை, சுவரும் கூரையும் சேர்ற மூலை எல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க, புழு அங்கதான் ஏறிப்போய் கூடு கட்டும்.