பழைய சர்வர் எஸ்எஸ்டி: சாட்டாவா, சாஸா, யு.2வா, இல்லை புதுசே வாங்கிவிடலாமா?

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற அண்ணாச்சி ஒருவருக்குக் கணக்கு மெஷின் போட்டுக் கொடுத்தது நான்தான். ஆறு பேர் ஒரே நேரத்தில் பில் போடுவார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்திய ஒரு நாள் யுபிஎஸ் பேட்டரி காலை வாரிவிட்டது. மெஷினைத் திரும்பப் போட்டபோது கணக்குக் கோப்பு திறக்கவில்லை. உள்ளே இருந்தது வீட்டு உபயோகத்துக்கான சாதாரண எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் டேட்டாவை வைக்கிற டிரைவ். அதற்குப் பதிலாக, கம்பெனி சர்வரில் ஓடிக் கழற்றிய பழைய சர்வர் டிரைவ் ஒன்றைக் காட்டியதும் அண்ணாச்சி கேட்டார்: "ஏன் தம்பி, எவனோ ஓட்டித் தேஞ்ச டயரை என் லாரிக்கு மாட்டுறியா?"

தேய்ந்த டயர்தான். ஆனால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வாங்குவதற்கு முன்பே அளந்து பார்க்க முடிகிற டயர். அளக்க விடாதவரிடம் வாங்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

சாட்டா, சாஸ், யு.2 மூன்றும் டிரைவை மெஷினோடு இணைக்கிற வகைகள். சாதாரண மதர்போர்டில் நேரடியாகச் செருகுவது சாட்டா. முதலில் புதுசையும் பழைய சாட்டா சர்வர் டிரைவையும் எதிரெதிரே வைப்போம். குரூஷியல் பிஎக்ஸ்500, 480 ஜிபி மாடலுக்கு நிறுவனம் சொல்லும் எழுத்து ஆயுள், அதாவது மொத்தம் எவ்வளவு டேட்டா எழுதலாம் என்ற கணக்கு, 120 டிபி (டெராபைட்). சாம்சங் 870 ஈவோ, 500 ஜிபி என்றால் 300 டிபி. சர்வர் பக்கம் சாம்சங் பிஎம்863ஏ, 480 ஜிபிக்கு 683 டிபி. இன்டெல் டிசி எஸ்3700, 400 ஜிபிக்கு 7,300 டிபி! ஆனால் சர்வர் டிரைவ் எல்லாமே இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. அதே இன்டெலின் எஸ்3500, 480 ஜிபிக்கு 275 டிபிதான். அது அதிகம் படிக்க, கொஞ்சமாக எழுத என்று செய்த டிரைவ். மாடல் எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் சரக்கே வேறு.

அண்ணாச்சி கடைக்கு ஆயுளைவிட முக்கியமானது வேறொன்று. சர்வர் டிரைவின் போர்டில் கெபாசிட்டர்கள் வரிசையாக நிற்கும். கரண்ட் போன நொடியில், கையில் இருக்கிற டேட்டாவை ஃபிளாஷ் சிப்பில் எழுதி முடிக்கத் தேவையான மின்சாரத்தை அவை தரும். இதனால் வேகமும் கிடைக்கிறது. "எழுதிட்டியா?" என்று டேட்டாபேஸ் ஒவ்வொரு பதிவுக்கும் கேட்கும்போது, இந்த டிரைவ் தயங்காமல் "ஆச்சு" என்று சொல்லலாம். பெட்டியில் 550 எம்பி வேகம் என்று அச்சடித்த புது டிரைவ் இந்த இடத்தில் திணறும்.

அன்று விற்பவர் முன்னாலேயே பிஎம்863ஏவை லேப்டாப்பில் செருகி கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தேன். டிரைவ் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கிற ஸ்மார்ட் கணக்கை வரிவரியாகக் காட்டுகிற மென்பொருள் அது. ஓடிய நேரம் 39,000 மணிக்கு மேல், அதாவது நாலரை வருடம். அண்ணாச்சி முகம் சுருங்கியது. ஆனால் இதுவரை எழுதியதை எண்ணுகிற 241ஆம் வரியில் (F1 என்றும் காட்டும்) இருந்த எண் சுமார் 11,300 கோடி. அதை 512 பைட்டால் பெருக்கினால் 58 டிபி. 683க்கு 58! நாலரை வருடம் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கியிருக்கிறது. பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான், மணியை அல்ல. ஒரு எச்சரிக்கை: இன்டெல் டிசி டிரைவ்களில் இதே 241ஆம் வரி 32 எம்பி கட்டுகளாக எண்ணும். அதை 512ஆல் பெருக்கிவிட்டு "எழுதவே இல்லை" என்று குதிக்காதீர்கள். இன்டெலில் மீதி ஆயுளைக் காட்டுகிற 233ஆம் வரியை (E9) பாருங்கள். 100இல் தொடங்கிக் கீழே இறங்கும். எந்த டிரைவானாலும் பத்து வருடப் பழைய மாடல் "0 மணி நேரம்" என்று காட்டினால் யாரோ கணக்கை அழித்திருக்கிறார்கள். எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது சாஸ், சர்வர்களுக்கென்றே உள்ள இணைப்பு. ஒரு ஜிபிக்கு என்ன விலை என்று பார்த்தால் பெரும்பாலும் இதுதான் மலிவு, அதில்தான் பலர் விழுகிறார்கள். பார்வைக்கு சாட்டா மாதிரியே இருக்கும். செருகும் இடத்தில் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அடைபட்டிருக்கும், சாதாரண மதர்போர்டு கேபிள் ஏறாது. எல்எஸ்ஐ 9300-8ஐ போன்ற கார்டும் அதற்கான கேபிளும் வாங்க வேண்டும். அந்தக் கார்டு சர்வர் பெட்டிக்குள் அடிக்கிற காற்றை நம்பிச் செய்தது. சித்திரை வெயிலில் நம்மூர்க் கடை மூலையில் வைத்தால் தனி ஃபேன் கேட்கும். பல டிரைவ்களை அடுக்கி வைக்கிற ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து கழற்றியவை சில 520 பைட் செக்டரோடு (டேட்டாவைப் பிரித்து வைக்கிற கட்டம்) வரும். எஸ்ஜி_ஃபார்மேட் என்கிற கருவியைப் போட்டு 512க்கு மாற்றாமல் விண்டோஸ் அதைச் சீண்டாது. இன்னொன்று, 2019 நவம்பரில் சர்வர் விற்கிற எச்பிஇ நிறுவனமே அறிவித்தது: அவர்கள் விற்ற சில சாஸ் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் டேட்டாவோடு செத்துவிடும், எச்பிடி8 ஃபர்ம்வேரை (டிரைவுக்குள்ளேயே ஓடுகிற மென்பொருள்) ஏற்ற வேண்டும் என்று. அதாவது மூன்று வருடம், 270 நாள், 8 மணி நேரம். பழைய சரக்குச் சந்தைக்கு டிரைவ் வந்து சேர்கிற வயதும் கிட்டத்தட்ட அதுதான். நாலு டிரைவ் வாங்கி ஆராய்ச்சி செய்கிற ஆளுக்கு சாஸ் சரி. கடைக்கு வேண்டாம்.

யு.2 எனக்குப் பிடித்த சாமான், பிசிஐஇ வழியாக ஓடுகிற சர்வர் டிரைவ். சாம்சங் பிஎம்983, இன்டெல் பி4510 எல்லாம் இந்த ரகம். சாட்டாவைப் போல ஐந்து மடங்கு வேகத்தில் படிக்கும். மதர்போர்டில் கார்டு செருகுகிற நாலு லேன் (x4) பிசிஐஇ ஸ்லாட் காலியாக இருந்தால் ஒரு அடாப்டர் கார்டு போதும். லேப்டாப்புக்கு ஆகாது. சூடும் அதிகம், நேராகக் காற்று படணும். திருமங்கலத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற என் சித்தப்பா மகனுக்கு இதைத்தான் போட்டேன். 4கே ஃபுட்டேஜை இழுத்து இழுத்துப் பார்க்கிறவனுக்கு வித்தியாசம் கையில் தெரியும். பில் போடுகிற அண்ணாச்சிக்குத் தெரியாது, அதனால் அவருக்கு சாட்டாவே போதும். லேப்டாப்புக்கு என்றால் யோசிக்காமல் வாரண்டியோடு புதுசு வாங்குங்கள்.

எங்கே வாங்குவது? திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பொழுது நன்றாகப் போகும். சர்வர் எஸ்எஸ்டி எனக்கு அங்கே இதுவரை ஒன்றுதான் மாட்டியது. சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்பி ரோடு வியாபாரிகளில், டிரைவின் சீரியல் எண் தெரிய ஸ்மார்ட் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறவரைப் பிடியுங்கள். அதே கொள்ளளவுள்ள புது டிரைவின் விலையில் பாதிக்கு மேல் கேட்டால் நான் கொடுப்பதில்லை.

சித்தப்பா மகன் போன வாரம் கேட்டான், "அண்ணே, முடிஞ்ச கல்யாணத்தையெல்லாம் இந்த மாதிரி பழைய டிரைவுல ஏத்தி பீரோவுல வச்சிரலாமா?" கூடாது. ஆயுள் முழுக்கத் தேய்ந்த சர்வர் டிரைவ், கரண்ட் இல்லாமல் 40 டிகிரியில் மூன்று மாதம் டேட்டாவைக் காப்பாற்றினால் போதும் என்பதுதான் சிப் துறைக்குத் தரம் வகுக்கிற ஜெடெக் அமைப்பின் கணக்கு. வீட்டு டிரைவுக்கு 30 டிகிரியில் ஒரு வருடம். மே மாதம் அவன் வீட்டு மாடி பீரோவுக்குள் என்ன சூடு இருக்கும் என்று அவனுக்கே தெரியும். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.