முதல் குண்டு விழும் இடம்: பிரவுனிங் பார் வேட்டைத் துப்பாக்கியுடன் ஒன்பது ஆண்டுகள்

2016 நவம்பரில், அமெரிக்காவில் வடக்கு மிச்சிகனின் ஒரு சதுப்புக் காட்டோரத்தில் நான் சுட்ட மான் அடிபட்டும் விழாமல் ஓடியது. தூரம் 110 கஜம்தான். நெஞ்சுக்குக் குறிவைத்த குண்டு ஒரு சாண் பின்னால் தள்ளி வயிற்றில் பட்டிருந்தது. கைவிளக்கை வைத்துக்கொண்டு இரவு பத்து மணி வரை இரத்தத்துளிகளைத் தேடிப் போனோம். மறுநாள் காலையில்தான் அது கிடைத்தது. அந்த இரவு முழுவதும் அது பட்டிருக்கும் வேதனைக்கு நானே காரணம். எனக்கு வேட்டை கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: துப்பாக்கிமேல் குறிபார்க்கப் பொருத்திய தொலைநோக்கியின் திருகுகளைக் கடைசியாக எப்போது பார்த்தாய்? வாங்கியதிலிருந்து பார்க்கவே இல்லை என்பதுதான் என் பதில். அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதி வருகிறேன். கீழே இருப்பது பெரும்பாலும் அதிலிருந்து எடுத்தது.

துப்பாக்கி, பிரவுனிங் நிறுவனத்தின் பார் (BAR) வகை. 30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் தோட்டாவுக்கானது. 2015இல் பழையதாக வாங்கினேன். இதே பெயரில் 1918ஆம் ஆண்டின் இராணுவத் தானியங்கித் துப்பாக்கி ஒன்று உண்டு. அது ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்தது. வேட்டைத் துப்பாக்கி அவருடைய பேரன் புரூஸ் பிரவுனிங்கின் ஆக்கம். 1967இல் விற்பனைக்கு வந்தது. இரண்டுக்கும் பெயர் ஒன்றே தவிர, உள்ளமைப்பு வேறு. என்னுடையதில் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் கூண்டு) நான்கு தோட்டா, அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) ஒன்று. மிச்சிகனில் மான் வேட்டைக்கான அரைத் தானியங்கித் துப்பாக்கியில் மேகசினும் குழலும் சேர்த்து ஆறு தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது என்பது விதி. இது அதற்குள் அடங்குகிறது. (இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். மிச்சிகனில் உரிமம் பெற்றவர்களுக்கு நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கிப் பருவம்.)

அரைத் தானியங்கி என்றால் குறி சுமாராகத்தான் இருக்கும் என்று பலர் சொல்வார்கள். அந்தப் பேச்சில் ஓரளவு உண்மை உண்டு. குண்டு குழலைக் கடக்கும்போது வாயுவின் ஒரு பகுதி சிறு துளை வழியாக இறங்கிப் பிஸ்டனைத் தள்ளுகிறது. அறையை மூடிப் பூட்டும் போல்ட் பின்வாங்கி, வெடித்த தோட்டாவின் காலிக் கூட்டை எறிந்து, அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடுகிறது. கையால் இழுக்கும் போல்ட் துப்பாக்கியில் இத்தனை உறுப்புகள் அசைவதில்லை. குழலில் இவ்வளவு சாமான் தொங்குவதும் இல்லை. ஆனாலும் என் முதல் இரண்டு ஆண்டுகளின் மோசமான குறிக்கு இந்த அமைப்பு காரணமாக இருக்கவில்லை.

அப்போது 100 கஜத்தில் ஐந்து குண்டுகள் மூன்றரை அங்குல அகலத்துக்குச் சிதறின. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ எட்டு அங்குல வட்டம். காகிதக் கணக்கில் மூன்றரை அங்குலம் போதும் என்றே தோன்றும். ஆனால் அந்தச் சிதறலோடு குளிர், மூச்சிரைப்பு, மரத்தில் சாய்ந்த நிலை, மான் நிற்கும் கோணம் எல்லாம் கூடிக்கொள்கின்றன. துப்பாக்கியின் பங்கைக் குறைத்தால்தான் என் பிழைகளுக்கு இடம் மிஞ்சும்.

முதல் திருத்தம் திருகுகளில்தான். தொலைநோக்கியைத் தாங்கும் அடித்தளத்தின் பின்திருகு விரலாலேயே திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. எல்லாவற்றையும் கழற்றி, ஆல்கஹாலால் எண்ணெய் போகத் துடைத்து, நீலநிறத் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு, முறுக்கு அளவு காட்டும் திருப்புளியால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்கினேன். தொலைநோக்கியைப் பிடிக்கும் என் வளையங்களுக்கு அது 17 அங்குல-பவுண்டு. பிறகு ஒவ்வொரு திருகின் தலையிலும் அதன் பக்கத்திலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன். கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று ஒரு பார்வையிலேயே தெரியும். இந்த ஒரு மாலை வேலையால் மூன்றரை அங்குலம் இரண்டேகாலாகக் குறைந்தது. ஒன்பது ஆண்டுகளில் செய்த வேறு எதுவும் இவ்வளவு பெரிய பலன் தரவில்லை.

அடுத்தது முன்கட்டை, அதாவது குழலுக்குக் கீழே கையால் தாங்கும் மரப்பகுதி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது. பார் துப்பாக்கியின் முன்கட்டைக்குள் வாயு உருளையும் பிஸ்டனும் இருக்கின்றன. கட்டை தன் முன்முனையில் ஒரு திருகால் பிடிக்கப்பட்டிருக்கிறது. கட்டையை எங்கே, எவ்வளவு அழுத்துகிறோமோ அது குழல் வரை போய்ச் சேர்கிறது. மணல் பையின்மேல் முன்கட்டையின் நுனியை வைத்துச் சுட்டால் ஒரு இடம். மேகசினுக்குச் சற்று முன்னால் வைத்துச் சுட்டால் வேறு இடம். என் துப்பாக்கியில் இந்த இரண்டுக்கும் 100 கஜத்தில் ஒன்றரை அங்குல வேறுபாடு. தோள்வாரைக் கையில் சுற்றி இறுக்கி இழுத்தால் கொத்து, அதாவது துளைகளின் கூட்டம், கீழே இறங்கியது. கட்டையின் உட்புறத்தைச் செதுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் மரத்தைத் தொடவில்லை. முன்திருகை ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு முறுக்குவது, பை எப்போதும் மேகசினுக்கு ஒரு கையகலம் முன்னால் இருப்பது, வாரை இழுக்காமல் விடுவது என மூன்று பழக்கங்களோடு நிறுத்திக்கொண்டேன். காட்டிலும் அதே இடத்தைத்தான் இடது கையால் தாங்குகிறேன்.

என்னை நெடுநாள் குழப்பியது முதல் குண்டுதான். நான்கு குண்டுகள் நெருக்கமாக விழும். முதலாவது மட்டும் ஓர் அங்குலம் மேலே, இடப்பக்கமாகப் போய்த் தனியே நிற்கும். குளிர்ந்த குழல்தான் காரணம் என்று நம்பினேன். குழலைச் சூடாக்கிய பிறகும் அதே தொல்லை தொடர்ந்தபோதுதான் என் கையைக் கவனித்தேன். காட்டில் சத்தம் வரக்கூடாதே என்று போல்ட்டைக் கையால் பிடித்து மெதுவாக மூடுவேன். அதே பழக்கம் சுடுதளத்துக்கும் வந்திருந்தது. அடுத்த நான்கு தோட்டாக்களைச் சுருள்வில் தன் முழு வேகத்தோடு அறைக்குள் தள்ளுகிறது. முதலாவது மட்டும் என் கைவேகத்தில் அமர்ந்தது. இப்போது போல்ட்டை முழுவதும் பின்னிழுத்துக் கையை விட்டுவிடுகிறேன். தனித்து நின்ற அந்தத் துளை கொத்தோடு சேர்ந்துவிட்டது. மெதுவாக மூடினால் போல்ட் முழுமையாகப் பூட்டாமல் போகும் ஆபத்தும் உண்டு. குறியைவிட அதுதான் பெரிய கவலை. சத்தத்துக்கு அஞ்சுபவர்கள் விடிவதற்கு முன்பே, சட்டம் அனுமதிக்கும் நேரம் தொடங்கியதும், ஏற்றிவிட்டு அமர்ந்திருக்கலாம். இன்னொன்று: ஒரே தோட்டாவை நாள்தோறும் ஏற்றி இறக்கினால் அறைமுகப்பில் மோதி மோதிக் குண்டு கூட்டுக்குள் இறங்கக்கூடும். இருமுறை ஏற்றிய தோட்டாவை நான் வேட்டைக்கு எடுத்துச் செல்வதில்லை, பயிற்சிக்குத் தள்ளிவிடுகிறேன்.

தோட்டாத் தேர்வைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 150, 165, 180 கிரெயின் எடைகளில் கடையில் கிடைத்த ஆறு வகைகளைச் சுட்டுப் பார்த்தேன். என் குழலுக்கு 165 கிரெயின் பிடித்திருந்தது, ஒன்றேமுக்கால் அங்குலம். உங்கள் குழலுக்கு எது பிடிக்கும் என்பதை அந்தக் குழல்தான் சொல்லும். விலை உயர்ந்ததே நன்றாகச் சுடும் என்று எண்ண வேண்டாம். என் ஆறில் விலை கூடியது நான்காவது இடத்தில் வந்தது. பிடித்த வகை கிடைத்ததும் ஒரே தயாரிப்புத் தொகுதி எண்ணில் ஐந்து பெட்டி வாங்கி வைத்துக்கொண்டேன்.

குழல் சுத்தத்தில் ஒரு எச்சரிக்கை. போல்ட் துப்பாக்கியைப் போல இதைப் பின்புறத்திலிருந்து தண்டு விட்டுத் துடைக்க முடியாது. வாய்ப்பக்கத்திலிருந்துதான் நுழைய வேண்டும். குண்டு வெளியேறும் அந்த விளிம்பு தேய்ந்தாலோ பள்ளம் விழுந்தாலோ குறி கெடும். தண்டு விளிம்பில் உரசாமல் காக்கப் பித்தளை வழிகாட்டி ஒன்று வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பின்னாலிருந்து வாய்ப்பக்கமாக இழுக்கும் துடைப்புக் கயிறே போதும். கரைப்பான் ஊற்றும்போது துப்பாக்கியைத் தலைகீழாக வைப்பேன். இல்லாவிட்டால் அது, சுட விரலால் அழுத்தும் விசைப் பகுதிக்குள் வடிந்து அழுக்கோடு சேர்ந்து பிசினாகும். துடைத்த குழலின் முதல் இரண்டு குண்டுகள் வேறெங்கோ போகின்றன. எனவே பருவத்துக்கு முன் துடைத்து, நான்கு குண்டுகள் சுட்டு, அப்படியே விட்டுவிடுகிறேன். ஈரம் பட்டால் மட்டும் உலர்த்துகிறேன். தோட்டா அறையை மட்டும் ஒவ்வொரு முறையும் துடைக்கிறேன்; கூடு சிக்குவது அங்கேதான்.

விசை கனமானது. அதை நான் தொடவில்லை. தொடாதீர்கள் என்றும் அழுத்திச் சொல்கிறேன். ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டு மட்டும் வெளியேறச் செய்யும் கொக்கிகள் அங்கே இருக்கின்றன. யாரோ காணொளியில் காட்டினார்கள் என்று அவற்றை அரத்தால் தேய்த்தால் துப்பாக்கி தானாக இரண்டாவது முறை வெடிக்கக்கூடும். குறைக்க வேண்டுமானால் தொழில் தெரிந்த துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுங்கள். நான் அதற்குப் பதிலாக வெடிக்காத மாதிரித் தோட்டாவைப் போட்டு வீட்டின் கீழ்த்தளத்தில் தினமும் இருபது முறை விசையழுத்திப் பழகினேன். வெடித்த பிறகும் விசையை ஒரு நொடி அழுத்தியபடியே பிடித்திருப்பதை அந்தப் பயிற்சிதான் கற்றுத் தந்தது. இந்த வகைத் துப்பாக்கியில் அது மிக அவசியம். உள்ளே போல்ட் ஓடும் ஓசை கேட்டதும் விரல் தானாகத் துள்ளிவிடுகிறது.

இன்று ஐந்து குண்டுக் கொத்து ஒன்றரை அங்குலம். போட்டிக்குச் செல்பவர்களுக்கு இது சாதாரணம். ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஐந்து நிமிடம் விட்டால்தான் இந்த அளவு கிடைக்கிறது. மெல்லிய குழல் சூடானதும் கொத்து மேல்நோக்கி ஏறுகிறது. ஆனால் மானுக்கு ஐந்து குண்டு சுடுவதில்லை. 2021 முதல் கொத்து சுடுவதையே குறைத்துக்கொண்டேன். சுடுதளத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும், குளிர்ந்த குழலில், சுடும் முதல் குண்டை மட்டும் ஒரே காகிதத்தில் சுடுகிறேன். சுட்டதும் துளைக்கருகே தேதியும் வெப்பநிலையும் எழுதி, காகிதத்தைக் கழற்றி மடித்து நோட்டுக்குள் வைத்துவிடுகிறேன். அடுத்த முறை அதே காகிதம் மீண்டும் பலகைக்கு ஏறும். ஆகஸ்டு வெயிலில் சுட்டவையும், பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரியில் கையுறையோடு சுட்டவையும் அதில் இருக்கின்றன. குளிரில் சுட்டவை ஏறத்தாழ அரை அங்குலம் தாழ்வாக விழுந்திருப்பதும் அதில்தான் தெரிந்தது. அதனால் இப்போது தொலைநோக்கியின் இறுதித் திருத்தத்தை நவம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளிவைக்கிறேன்.

காகிதத்தில் இதுவரை 34 துளைகள். 33 துளைகள் இரண்டு அங்குல வட்டத்துக்குள். வெளியே நிற்பது 2022 அக்டோபர் 9ஆம் தேதியுடையது. அருகே என் கையெழுத்தில் "போல்ட்டைக் கையால் மூடினேன்" என்று இருக்கிறது.